முன்னுக்கே எழுதி முடித்த கொப்பி

புள்ளைகளே, இதை உங்கள் மூன்று பேருக்கும் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தலாம். சங்கதியைத் திருத்த வேண்டாம். அதில் எனக்கு மரியாதை குறைவான இடங்கள் சில இருக்கின்றன, அவை அப்படியே கிடக்கட்டும்.

வாப்பா ஏன் சேர்ட் பொக்கற்றில் ஒரு சின்னக் கொப்பியோடு திரிகிறார், ரோட்டில் நின்றுகொண்டே எதையோ எழுதுகிறார் என்று உங்கள் கூட்டாளிமார் கேட்கிறார்களாம். கவிதை எழுதுகிறேன் என்று ஒருத்தர் சொன்னாராம். அல்லாஹ் காப்பாற்றவேணும். அது கவிதைக் கொப்பி இல்லை, வாப்பாட ஞாபகக் கொப்பி. முதலில் அது பொய்க் கொப்பியாகத்தான் இருந்தது. அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

நான் இளந்தாரியாக இருந்தபோது ஊர்க்காவலுக்கு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வயல் வட்டை ஓரத்தில், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசுக்குப் பக்கத்தில், மண்மூட்டை அடுக்கிய ஒரு சென்றி, காவல் நிற்கும் இடம், இருந்தது. கையில் பழைய துவக்கு ஒன்று. அந்த வருசங்களில் எனக்கு நோய், வருத்தம் ஒன்றும் இல்லை. தடிமன் கூட வராது. சண்டை ஓய்ந்து, துவக்கைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் உம்மாவைக் கலியாணம் முடித்து, நீங்கள் பிறந்து, இனிப் பயமில்லை என்று ஊரே ஆறுதலாக இருந்த பிறகுதான் வருத்தம் வந்தது. வருகிறவன் நேரத்துக்கு வந்திருக்கக்கூடாதா?

விடிந்தால் எழும்ப மனம் வராது. யாரும் கதைத்தால் வாய் அசைவது தெரியும், சொன்ன கதை தலைக்குள் நிற்காது. ஒரு ஜும்ஆவுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன், தொழுதுவிட்டு நடந்து வந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை என்று சத்தம் போட்டு, பக்கத்து வீட்டாரையும் கூட்டி, எல்லோருமாகச் சேர்ந்து கள்ளனை ஏசினோம். நான்தான் ஆகக் கூட ஏசினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போய்ப் பார்த்தால் அது பள்ளிவாசல் மதிலோரம் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கிறது. அன்றைக்கு ஏசிய ஏச்செல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது.

அதற்கெல்லாம் உங்கள் உம்மா சிரித்தா. ஒரு நாள் சிரிக்கவில்லை. சின்னவளைப் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில், பணிஸ் வாங்குவதற்காகப் பேக்கரியில் நிற்பாட்டினேன். பணிஸோடு வீட்டுக்கு வந்தேன். சின்னவள் பேக்கரியில் நின்றாள்.

அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பேக்கரிக்காரர் ஒரு ஸ்டூலில் இருத்தி வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கே மோட்டார் சைக்கிள் சாவி உம்மாட அலுமாரிக்குள் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த நாளில் இருந்து உங்கள் மாமா தன் ஓட்டோவில் அவளைக் கூட்டி வந்தார். எனக்கு வீட்டில் இருந்த ஒரேயொரு வேலை அதுதான். கடையை முன்னமே மூடிவிட்டேன், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்றால், அவ்வளவு புள்ளைகளுக்குள் ஒன்று என்னைத் தேடி வரும். அந்த வேலையும் போன பிறகு, நான் இருந்தாலும் ஒன்று, கிடந்தாலும் ஒன்று என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் என் தலையைத் தட்டிப் பார்க்கவில்லை, கேள்விதான் கேட்டார். மூளை பழுதாகவில்லை, மனச்சோர்வு வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றார். குளிசை ஒரு பக்கம் வேலை செய்யட்டும், ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் தனியாகப் பயிற்சி இருக்கிறது, புதன்கிழமைகளில் வாருங்கள் என்றார். படையில், பொலிஸில், காவலில் நின்ற ஆட்களுக்கென்றே அந்த வகுப்பு. நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

வகுப்பை நடத்தியது ஒரு மிஸ். பெரியநீலாவணைப் பக்கத்துத் தமிழ்ப் புள்ளை, எங்கள் எல்லோருடைய வயதிலும் பாதி. முதல் நாள் எங்களை ஐயா என்றாள். அடுத்த கிழமை அண்ணன் என்றாள். மூன்றாம் கிழமைக்குள், எங்கள் ஆட்கள் மூத்த சகோதரனைக் கூப்பிடுவதுபோல, காக்கா ஆகிவிட்டோம். அந்த ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒருத்தர் பாலமுனைக்காரர். என்னோடு அதே துருசடியில் சென்றிக்கு நின்றவர், இப்போது தோணி வைத்திருக்கிறார். மற்றவர் பென்சன் எடுத்த பொலிஸ் சார்ஜன். அவருடைய மீசை மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது.

பயிற்சி என்றால் ஏதோ மெசின் மாட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். மிஸ் பன்னிரண்டு சாமான்களின் பெயரை வாசித்தாள். கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்தாள். பிறகு சொல்லுங்கள் என்றாள். எனக்கு நாலு வந்தது. சார்ஜனுக்குப் பன்னிரண்டும் வரிசை பிசகாமல் வந்தது. மிஸ்ஸுக்கு ஆச்சரியம். காக்கா, கையைக் கொஞ்சம் காட்டுங்க என்றாள். உள்ளங்கையில் பன்னிரண்டையும் பேனையால் எழுதி வைத்திருந்தார். முப்பது வருசம் கள்ளனைப் பிடித்தவர், ஒரு சின்னப் புள்ளையிடம் பிடிபட்டார். ஆனால் மிஸ் கோபப்படவில்லை. எழுதி வைப்பதும் ஒரு வழிதான், அதை ஒளிக்காமல் செய்வோம் என்று சொல்லி ஆளுக்கொரு கொப்பி தந்தாள்.

கொப்பியில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். காலையில் இன்றைக்குச் செய்ய வேண்டியதை நேரத்தோடு எழுத வேண்டும். செய்து முடித்த பிறகு பக்கத்தில் 'சரி' என்று போட வேண்டும். போனிலும் அந்தந்த நேரத்துக்கு மணி வைக்க வேண்டும். மணி அடித்தால் கொப்பியைப் பார், கொப்பி சொன்னதைச் செய். எங்களுக்கு அது கடினமாகத் தெரியவில்லை. டியூட்டிப் புத்தகம் எழுதிப் பழகிய கைகள்தானே.

அந்தப் பழக்கத்தில்தான் வினை இருந்தது.

துருசடியில் எங்களிடம் ஒரு புத்தகம் இருந்தது. மணிக்கொரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரத்தைப் போட்டு, 'எல்லாம் சரி' என்று எழுத வேண்டும். நானும் பாலமுனைக்காரரும் என்ன செய்தோம் என்றால், மஃரிப் தொழுதுவிட்டு வந்த கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே, விடியும் வரைக்குமான 'எல்லாம் சரி' எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுவோம். ஏழு மணி எல்லாம் சரி, எட்டு மணி எல்லாம் சரி, அப்படியே சுபஹு வரைக்கும். ஒரே பேனை என்று தெரியாமல் இருக்க நடுவில் பேனையை மாற்றுவோம். எங்கள் காவலுக்குப் பொறுப்பான பெரியவர் வந்து பார்த்து, கையெழுத்து வடிவாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். இதைப் படித்துவிட்டு நீங்கள் வீட்டு வேலைக் கொப்பியில் பழகாதீர்கள்.

வகுப்பில் ஆறாவது கிழமை, உங்கள் உம்மாவையும் கூப்பிட்டு மிஸ் கதைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். உம்மா யோசித்தா. திங்களும் செவ்வாயும் மட்டும், சைக்கிளில், சின்னவளைக் கூட்டி வரலாம் என்றா. நோன்பு பிறக்கும் வரைக்கும் ஒரு பிசகும் வராவிட்டால் கிழமையில் ஐந்து நாளும் எனக்கு. ஒரு தரம் பிசகினாலும் மாமாட ஓட்டோதான், அதற்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கக்கூடாது. நான் ஓம் என்றேன். கட்டாரில் வேலை கிடைத்தவன் கூட அவ்வளவு சந்தோசமாக ஓம் சொல்லியிருக்கமாட்டான்.

முதல் கிழமை இரண்டு நாளும் சரியாகக் கூட்டி வந்தேன். ஒன்றரைக்குப் பள்ளி விடும், நான் பதினைந்து நிமிசம் முந்தியே வாசலில் நிற்பேன்.

அந்தப் புதன்கிழமை வகுப்புக்குப் போகுமுன், ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் பாலமுனைக்காரரும் நானும் இருந்தோம். அவர் கொப்பியை விரித்து வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பார்த்தால் போன கிழமைக்கான 'சரி' எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறார். போட்டு முடித்துவிட்டு, பேனை கையில் இருக்கிறதே என்று, வருகிற கிழமைக்கும் தொடங்கினார். கிழமைக் கிழமை இதுக்கு மினக்கெடேலாது மச்சான், என்றார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் என் கைக்கும் துருசடி ஞாபகம் வந்துவிட்டது. மற்ற எதுவும் ஞாபகம் வராத தலைக்கு இது மட்டும் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நானும் எழுதினேன். வியாழன் குளிசை சரி, வெள்ளி ஜும்ஆ சரி, சனி மரக்கறி வாங்கியது சரி. கை அப்படியே ஓடியது. 'திங்கள் 1.30. மகளைக் கூட்டி வந்தேன். சரி.' 'செவ்வாய் 1.30. மகளைக் கூட்டி வந்தேன். சரி.'

வடிவான கையெழுத்து.

திங்கட்கிழமை வந்தது. உம்மா தையல் வேலைக்குப் போய்விட்டா, நீங்கள் பெரியவர்கள் இருவரும் வகுப்புக்குப் போய்விட்டீர்கள். நான் கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று பத்துக்குப் போனில் மணி அடித்தது. மிஸ் சொல்லித் தந்தபடி மணியை நிற்பாட்டினேன். மிஸ் சொல்லித் தந்தபடி கொப்பியைத் திறந்தேன். மிஸ் சொல்லித் தந்தபடி அதை நம்பினேன். அதில் என் கையெழுத்தில், கூட்டி வந்தேன், சரி என்று இருந்தது.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். செய்ததைச் செய்யவில்லை என்று நினைப்பதுதான் எனக்கு வந்திருந்த வருத்தம். பூட்டிய கதவைப் போய்ப் பூட்டுவேன், குடித்த குளிசையை மறுபடி குடிக்கப் போவேன். அதனால்தான் கொப்பி. என் தலை ஒன்றைச் சொல்லி, கொப்பி மற்றதைச் சொன்னால், கொப்பி பக்கம் நில் என்பதுதான் பாடம். அப்ப நேரம் ஒன்றரையும் தாண்டியிருக்கும்போல, மணி பிந்தி அடிக்கிறதாக்கும், சின்னவள் வந்து உடுப்பு மாற்றி அடுத்த வீட்டில் விளையாடப் போயிருப்பாள் என்று முடிவு செய்தேன். மணிக்கூட்டைப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. திரும்பவும் வலைக்குப் போனேன். மனசும் நிம்மதியாக இருந்தது, அதைத்தான் நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மணிக்குப் பிறகு உம்மா வந்தா. புள்ள எங்க என்று கேட்டா. கூட்டி வந்திட்டேன் என்றேன். எங்க என்றா. அடுத்த வீட்டில் என்றேன். உம்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தா. அப்போதும் நான் விடவில்லை. சாட்சி இருக்கிறது என்று சொல்லி, கொப்பியை எடுத்து விரித்து நீட்டினேன்.

உம்மா பார்த்தா. அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தா.

"இண்டைக்குத் திங்கள். செவ்வாய்க்கிழமையும் கூட்டி வந்திட்டீங்களா?"

அதைச் சொன்ன குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் என் கையில் இருந்த சுத்தியல் கீழே விழுந்தது. சைக்கிளை எடுத்து நான் மிதித்த மிதியைப் பார்த்து, வழியில் ஒரு ஓட்டோக்காரர் ஒதுங்கி இடம் விட்டார்.

சின்னவள் பள்ளி வாசலில், காவலாளியின் கதிரையில், அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். நான் நின்ற காவலைப் போல இல்லை அது, உண்மையான காவல். அவள் என்னைக் கண்டதும் அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள், கன்னத்தில் காய்ந்த கோடு இருந்தது. என்னைப் பேக்கரியில விட்டதுக்குப் பணிஸாவது கிடைச்ச, இண்டைக்கு ஒண்டுமில்ல என்றாள். வீடு வரும் வரைக்கும் என் சேர்ட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை உம்மாவும் என்னோடு வகுப்புக்கு வந்தா. வழியில் நான் ஒரு திட்டம் சொன்னேன். போன் பழுதாகி மணி அடிக்கவில்லை என்று மிஸ்ஸிடம் சொல்லுவோம் என்றேன். உம்மா கொப்பியைத் தன் கையில் வாங்கிக்கொண்டா. வகுப்பில் எல்லோரும் இருந்த பிறகு, கொப்பியை மிஸ்ஸின் மேசையில் வைத்துவிட்டு, அவர் சொல்லுவார் என்று மட்டும் சொன்னா.

நான் எழும்பி நின்றேன். போனைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சின்னவளின் கன்னத்துக் கோடு முன்னால் வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன், துருசடியில் இருந்து தொடங்கி.

முடித்துவிட்டு இருந்தேன். சார்ஜன் மீசையைத் தடவினார். பிறகு மெதுவாகத் தன் கொப்பியை எடுத்து மிஸ்ஸின் மேசையில் வைத்தார். அதில் அடுத்த வெள்ளி ஜும்ஆ வரைக்கும் 'சரி' போட்டிருந்தது. கடைசியாகப் பாலமுனைக்காரரைப் பார்த்தோம். அவர் கொப்பியைக் கொடுக்காமல் மடியில் வைத்து அமத்திக்கொண்டிருந்தார். மிஸ் கையை நீட்டினாள். அவர் மாசக் கடைசி வரைக்கும் முடித்து வைத்திருந்தார்.

"ஏன் காக்கா அதோட நிப்பாட்டினீங்க?" என்று மிஸ் கேட்டாள்.

"தாள் முடிஞ்சி போச்சி மிஸ்."

உம்மாதான் முதலில் சிரித்தா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. பிறகு மிஸ்ஸுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு, மிஸ் எங்களிடம் இந்தச் 'சரி' எல்லாவற்றையும் ஆருக்குக் காட்ட எழுதினீர்கள் என்று கேட்டாள். பெரியவருக்கு என்று சார்ஜன் பழக்கதோசத்தில் சொல்லிவிட்டார். இஞ்ச பெரியவர் ஆரு காக்கா என்று அவள் கேட்டாள். ஐந்து பேரும் அறையைச் சுற்றிப் பார்த்தோம். மேசையும் மின்விசிறியும் அந்தப் புள்ளையும் நாங்களும்தான் இருந்தோம், பெரியவர் ஒருத்தரும் இல்லை.

அதோடு அவள் கொப்பி பார்ப்பதை நிற்பாட்டினாள். இனி எனக்குக் காட்ட வேண்டாம், வீட்டில் உள்ளவர்கள் விரும்பினால் பார்க்கட்டும் என்றாள். 'சரி' என்ற சொல்லுக்கும் தடை போட்டாள். அதற்குப் பதிலாக, அந்த இடத்தில் அந்த நேரம் கண்ட ஒரு விசயத்தை எழுத வேண்டும், வீட்டில் இருந்து எழுத முடியாத விசயமாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்து எழுதினால், பார்த்ததும் தலையில் தங்கும், செய்ததும் தங்கும் என்றாள். அடுத்த கிழமை பாலமுனைக்காரர் ஏழு நாளும் 'காகம் கண்டேன்' என்று எழுதிக்கொண்டு வந்து, பெருமையாக வாசித்துக் காட்டினார். எங்கட ஊரில காகம் இல்லாத நேரம் எது காக்கா என்று சொல்லி, மிஸ் காகத்துக்கும் தடை போட்டாள்.

எனக்கு அப்படி ஏமாற்ற மனம் வரவில்லை. சொன்ன சொல்படி மாமாட ஓட்டோ திரும்ப வந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு அந்த ஓட்டோ வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால் நான் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடுவேன். ஆனாலும் எழுதினேன். பிழைகளையும் எழுதினேன். 'காலைக் குளிசை மறந்தேன். கண்டது: மூடி கழற்றாத போத்தல்.' 'உப்பு வாங்கப் போனேன், சவர்க்காரம் வாங்கி வந்தேன். கண்டது: கடைக்காரர் இடது கையால் நிறுக்கிறார்.' 'இன்று எழும்ப மனம் வரவில்லை. பத்து மணிக்கு எழும்பினேன். கண்டது: ஜன்னல் கம்பியில் எறும்பு வரிசை.' உம்மா சமையலுக்கு நடுவில் வந்து சத்தமில்லாமல் புரட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்க மாட்டா. மூன்று கிழமை போனது. ஒரு ஞாயிறு பின்னேரம், உடுப்பு மடித்துக்கொண்டே, மாமா நாளைக்கு அம்பாறைக்கு ஹயர் போறாராம், நீங்க ஏலுமெண்டா போங்க என்றா. மாமாவுக்கு ஹயர் ஓட்டம் ஏதும் இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தத் திங்கள் நான் ஒரு மணிக்கே பள்ளி வாசலில் நின்றேன். சின்னவள் வந்து, முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு ஓட்டோவைத் தேடினாள், பிறகு சைக்கிளில் ஏறினாள். பாதி வழியில் ஐஸ்பழம் விற்கிறவர் மணி அடித்துக்கொண்டு வந்தார். அவளுக்கு இருமல் ஓய்ந்து இரண்டு நாள்தான். ஐஸ் பக்கமே போகக்கூடாது என்பது உம்மாட கட்டளை. அவள் கேட்ட விதத்தில் ஒரு ஐஸ்பழம் வாங்கினேன். அவள் குடித்த விதத்தில் எனக்கும் ஒன்று வாங்கினேன். ஒரு வேலி ஓரத்தில் நின்று இரண்டு பேரும் குடித்தோம். பிறகு பழக்கப்படி கொப்பியை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள்.

"வாப்பா, இதை மட்டும் எழுத வேணாம். உம்மா பார்ப்பா."

"எழுதாட்டி?"

"வேற ஏதும் எழுதுங்க. காகம் கண்டண்டு எழுதுங்க."

நான் பேனையைப் பிடித்தபடி நின்றேன். எழுதினால் உம்மாவுக்குக் கோபம் வரும், நாளைக்கு ஓட்டோ வரும். எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, சின்னவளும் என் கட்சியாக இருப்பாள். ஒரு வரிதானே. ஆனால் அந்த ஒரு வரியைப் பொய்யாக எழுதினால், இனி மணி அடித்துக் கொப்பியைத் திறக்கும்போது எந்த வரியை நம்புவேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். எழுதினேன். 'மகளைக் கூட்டி வருகிறேன். ஐஸ்பழம் இரண்டு. அவள் ஒன்று, நான் ஒன்று. கண்டது: அவள் நாக்கு செம்மஞ்சள் நிறம்.'

வீட்டுக்கு வந்ததும் உம்மா சின்னவளிடம்தான் முதலில் கேட்டா. வழியில ஏதும் குடிச்ச நீங்களா? இல்லை என்று சின்னவள் தலையை ஆட்டினாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. உம்மா என் பொக்கற்றில் இருந்து கொப்பியை எடுத்துப் படித்தா. படித்துவிட்டு, சின்னவளை நாக்கை நீட்டச் சொன்னா. பிறகு என்னைப் பார்த்தா.

"ரெண்டா?"

"ஓம்."

"நீங்களுமா?"

நானும் நாக்கை நீட்டினேன்.

உம்மா கொப்பியை மூடி என் பொக்கற்றிலேயே திரும்ப வைத்தா. வைத்துவிட்டு, அது விழாமல் இருக்க வெளியால் ஒரு தரம் அமத்திவிட்டா.

"நாளைக்கும் நீங்களே போங்க," என்றா.

சின்னவளே, நீ அந்தக் கிழமை முழுக்க என்னோடு கோபமாக இருந்தாய். செவ்வாய்க்கிழமை சைக்கிளில் ஏறும்போது, கொப்பியை முதலில் வீட்டில் வைத்துவிட்டு வந்தால்தான் ஏறுவேன் என்று பள்ளி வாசலில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். நான் அதையும் எழுதினேன்.